சய ஏழு

பதினேழாம் கேள்வி கேட்கிறது:
தீர்மானத்திலிருந்து நடவடிக்கை வரை
உங்கள் சபைக்கு எத்தனை மணித்தியாலம்?

இதற்கு முந்திய பதினாறும் லேசு.
காலநிலைத் திட்டம் உண்டா? உண்டு,
மூன்று பிரதி, ஒன்றில் கறையான்.
குழு உண்டா? உண்டு,
கூடியது இருமுறை, இரண்டுக்கும் தேநீர்ப் பற்றுச்சீட்டு.
பெண்கள் எத்தனை வீதம்?
என்னை எண்ணினால் பதினொன்று.
மழைமானி, வாசிகசாலைக் கூரையில்;
ஏணி இல்லை.
எல்லாவற்றுக்கும் மூன்றுக்கு மூன்று போட்டு வந்தேன்.

கார்த்திகை முடிகிற கிழமை அது.
பட்டிருப்புப் பாலத்தூணின் வெள்ளைக் கோடுகளை
ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு வந்தது வாவி.
படுவான்கரை வட்டைகளில்
குடலைப் பருவத்து நெல் கழுத்தளவு தண்ணீரில்.
வட்டவிதானை மார்க்கண்டு போனுக்குமேல் போன்:
"முகத்துவாரத்த வெட்டுங்கோ மிஸ்,
நாளைக்கெண்டா வெட்டியும் பிரயோசனமில்ல."
பெரியகல்லாற்றிலிருந்து தெய்வானைப்பிள்ளை:
"இப்ப வெட்டினா இறால் முழுக்கக் கடலுக்குப் போயிடும்.
ரெண்டு நாள் பொறுங்கோ.
வல வாங்கின கடன ஆர் கட்டுற?"
இருவருக்கும் சரி சரி என்றேன்.
சரி என்பது எங்கள் சபையின் முதல் எதிர்வினை;
அதை அளக்க இந்தப் படிவத்தில் கட்டமில்லை.

கச்சேரியில் கூட்டம் மறுநாள் ஒன்பதரைக்கு.
தீர்மானம் பத்தேகாலுக்கு: வெட்டலாம்.
பதிவேட்டில் இருக்கிறது, கையொப்பங்களோடு.
ஆனால் அன்று விடியப்புறம் மூன்றேகாலுக்கே
வெட்டியாயிற்று.

பெக்கோ ஓட்டுகிற கிருபைரெத்தினம்
என்னைக் கேட்கத்தான் கேட்டான்.
போனைக் காதில் வைத்தபடி
ஒன்றும் சொல்லாதிருந்தேன்.
அவன் அதை அனுமதியென்று எடுத்துக்கொண்டான்.
மணல்திட்டில் விளக்கைப் போட்டு
மூன்று வாளி, நாலு வாளி,
மறுகா தண்ணீர் தன் வழியைத் தானே தோண்டிக்கொண்டது.
விடிந்தபோது தூணில் இரண்டு கோடு
திரும்ப வந்திருந்தது.

மூன்றேகாலிலிருந்து பத்தேகாலைக் கழித்தால்
சய ஏழு.
பெட்டிக்குள் அடித்தேன்.
சய அடையாளம் விழவில்லை.
ஏழு மட்டும் நின்றது:
ஏழு மணித்தியாலம் சுணங்கிய சபை, மூன்றுக்கு ஒன்று.
பூச்சியம் அடித்தேன்.
'நடவடிக்கை எடுக்கப்படவில்லை' என்று சிவந்தது.

படிவம் செய்தவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன்.
கடலைத் திறந்த பிறகு
கோப்பைத் திறக்கிற ஊரொன்றை
கொழும்பிலிருந்து எப்படி நினைத்துப் பார்ப்பது?

மார்க்கண்டர் புத்தரிசி கொண்டுவந்தார்,
ஒரு மரைக்கால். வாங்கவில்லை.
தெய்வானைப்பிள்ளை சந்தையில் என்னைக் கண்டால்
கூடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு போகிறாள்.
பாதிக்கப்பட்டோர் பட்டியலில்
அவளை எங்கே எழுதுவதென்று
மேலும் கீழும் தேடினேன்.
'வெள்ளத்தால்' என்றிருக்கிறது.
வெள்ளம் வடிந்ததால் என்றில்லை.

கடைசிக் கட்டம்: ஆதாரம் இணைக்கவும்.
அந்த இரவுக்குப் படமில்லை, கடிதமில்லை,
சம்பவத் திரட்டில் ஒரு வரி இல்லை.
இருப்பது ஒன்றே ஒன்று,
சித்திரையில் வந்த கணக்காய்வு ஐயவினா, இலக்கம் நாற்பத்தொன்று:
அனுமதியின்றி, அலுவலக நேரத்துக்குப் புறம்பாக,
முப்பத்தெட்டு லீட்டர் டீசல் பாவிக்கப்பட்டமைக்கு
விளக்கம் தருக.

திகதி சரி. நேரம் சரி. இடம்: முகத்துவாரம்.
இத்தனை துல்லியமாக
எங்களை எவரும் அளந்ததில்லை.

போனில் படமெடுத்து இணைத்தேன்,
கிருபைரெத்தினத்தின் பெயர் வருகிற இடத்தில்
என் பெருவிரல் விழும்படி.